ஓட்டை மறந்த தொட்டி

லிடி ருவியேரின் உயரம் நாலே கால் அடி. அதை ஒரு நல்ல விஷயமாக நாற்பத்தெட்டு வயதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை. பட்டறையில் அவளுக்கு ஆலிவ் கொட்டை என்று பெயர். சூளைக்கு விறகு தள்ளும் ஜெதியோன் வைத்த பெயர் அது. பார்க்கச் சின்னது, கடித்தால் பல் போய்விடும் என்று உரையும் அவனே சொல்லுவான். லிடி கோபித்துக்கொள்ள மாட்டாள். அவன் பெயர் வைக்காத ஆள் அந்த ஆற்றங்கரையில் கிடையாது. முதலாளிக்கே ஒரு பெயர் உண்டு. அது இங்கே எழுதக்கூடியதல்ல.

கார்தோன் ஆறு மலையை விட்டு இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் ஏலி மஸேலின் பட்டறை இருந்தது. தோட்டங்களுக்கான பெரிய மண்தொட்டிகள்தான் அங்கே தொழில். அடியில் பீடம், நடுவில் வயிறு, மேலே விரிந்த வாய். கழுத்தைச் சுற்றி மண்ணாலேயே ஒரு பூமாலை, மாலைக்குக் கீழே முதலாளியின் பெயர் பொறித்த முத்திரை. அதன் மேல் தேனும் பச்சையும் பழுப்புமாக வழிந்து உறைந்த மெருகு. சின்னத் தொட்டியைச் சக்கரத்தில் வைத்துக் கையாலேயே எழுப்பிவிடலாம். இடுப்பு உயரத்தைத் தாண்டினால் கை போதாது, கயிறு வேண்டும்.

சக்கரத்தின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, அதைச் சுற்றி மரச்சட்டம் கட்டுவார்கள். சட்டத்தின் மேல் கீழிருந்து மேலாகக் கயிற்றை நெருக்கிச் சுற்றி, கயிற்றின் மேல் களிமண்ணை அப்பி, அச்சுப் பலகையை ஒட்டப் பிடித்துச் சக்கரத்தைத் திருப்பினால் வெளிப்பக்கம் உருவாகும். பிறகு காத்திருக்க வேண்டும். மண் தன் காலில் நிற்கும் பதம் வந்ததும் கம்பத்தையும் சட்டத்தையும் கழற்றி, கயிற்றை உள்ளேயிருந்து சுற்றுச் சுற்றாக உரித்து எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் தொட்டி குழைந்து உட்காரும். அசந்துபோனால் மண் சுருங்கி, கயிற்றைக் கவ்விக்கொண்டு வெடிக்கும். கயிறு சுற்றுவது லிடி, உரிப்பதும் லிடி, எந்த நேரத்தில் என்று சொல்வதும் லிடி. எப்படித் தெரிகிறது என்று கேட்டால், பச்சை மண்ணில் ஆற்று வாசனை வரும், பதம் வந்த மண்ணில் கிணற்று வாசனை வரும் என்பாள். முதலாளி பலமுறை மூக்கை வைத்துப் பார்த்தார். அவருக்கு இரண்டும் மண் வாசனைதான்.

அதற்கு முன்னால் அவள் பட்டு ஆலையில் இருந்தவள். பன்னிரண்டு வயதிலிருந்து கொதிநீர்த் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து, கூட்டிலிருந்து இழை பிடித்து, அறுந்த இழையை முடிச்சுப் போடாமல் அடுத்த இழையோடு சேர்க்கிற வேலை. இடது கைச் சுண்டுவிரல் ஒருநாள் வெந்து, ஆறும்போது உள்பக்கமாக வளைந்தே ஆறிவிட்டது. ஆலையை மூடியதும் கயிற்றுக்கு வந்தாள். இழை தடித்துவிட்டது, வேலை அதேதான் என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஜோயேலை அவள் கட்டியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம். நாற்பதில் போருக்குப் போனவன் வரவில்லை, ஒரு தாள்தான் வந்தது. அவன் துணிமணியையெல்லாம் கொடுத்துவிட்டு, ஒரு கால்சட்டையை மட்டும் ஏனோ பெட்டியில் வைத்துக்கொண்டாள். கணப்பு அடுப்பின் மேலே ஒரு கண்ணாடிக் கூண்டு இருந்தது. அதற்குள் கல்யாணத்தன்று அவள் தலையில் சூடிய ஆரஞ்சுப் பூ வளையம், காய்ந்து தேயிலை நிறத்தில் கிடந்தது. அந்த ஊரில் கல்யாணமான எல்லாப் பெண்கள் வீட்டிலும் அப்படியொரு கூண்டு உண்டு. எல்லாக் கூண்டுக்குள்ளும் இருந்தது ஒரே மரத்தின் பூ.

அந்த மரம் ஃபோன்ரூஜ் மாளிகையில் இருந்தது. பழத்தை வாயில் வைக்க முடியாது, அவ்வளவு கசப்பு. வயது இருநூறு என்றார்கள். குளிர்காலத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள்ளும், மே மாதம் முற்றத்துக்குமாக, உருளைகளின் மேல் தொட்டியோடு அதைத் தள்ளிக்கொண்டு போவார்கள். எந்தக் குடும்பத்துப் பெண்ணானாலும் கல்யாணத்துக்கு முதல் நாள் தோட்டக்காரர் ஒரு கொத்து வெட்டிக் கொடுக்க வேண்டும் என்பது முறை. ஊரில் பெரும்பாலோர் சீர்திருத்தச் சபையினர். கத்தோலிக்கப் பெண்ணுக்கும் உண்டு, கொத்து கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். லிடிக்கு இருபத்துமூன்று வயதில் அந்தக் கொத்தை வெட்டிக் கொடுத்தவர் அப்தியாஸ். அப்போது அவரும் வேலைக்குப் புதிது. இரண்டு தலைமுறைப் பெண்களுக்கு வெட்டிக் கொடுத்த அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை என்பதை ஜெதியோன் மாதம் ஒருமுறையாவது ஞாபகப்படுத்துவான்.

ஐம்பத்தாறாம் வருஷம் பிப்ரவரியில் அந்தக் குளிர் வந்தது. ஆலிவ் மரங்கள் நின்றபடியே பிளந்தன. கண்ணாடிக் கூடத்தில் அப்தியாஸ் பத்து நாள் அடுப்பை அணையவிடாமல் காத்தார். பதினோராம் நாள் சுவரோரப் பக்கத்து ஈரமண் உறைந்து உப்பி, பழைய தொட்டி உச்சி முதல் அடி வரை இரண்டாக வாயைப் பிளந்தது. குயவனுக்குப் பல நாள் வேலை, தடிக்காரனுக்கு ஒரு நாழிகை என்பார்கள். இங்கே தடிக்காரன் தண்ணீர். மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டு நின்றது. அப்தியாஸ் நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தார். உள்ளே இன்னும் பச்சை இருந்தது. வேரைப் பாசியிலும் ஈரச்சாக்கிலும் சுற்றி வைத்துவிட்டு, நேரே பட்டறைக்கு நடந்து வந்தார்.

அவர் கேட்டது ஒரு ஆளின் முகவாய் உயரத்துக்கு ஒரு தொட்டி. அதைவிடச் சின்னதில் அந்த வேர் அடங்காது. மே மாத நடுவுக்குள் வேண்டும். சாக்குக்குள் வேர் அதற்கு மேல் தாங்காது என்றார். ஏலி மஸேல் விரல் விட்டு எண்ணினார். எழுப்பப் பத்து நாள், காய ஆறு வாரம், சுட மூன்று நாள், ஆற ஒரு வாரம். ஒரு தொட்டிக்கு நாள் இருக்கிறது, தப்பினால் இன்னொன்றுக்கு இல்லை. அவ்வளவு பெரிய தொட்டியை அவருடைய அப்பாவும் செய்ததில்லை. செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை அன்று முழுக்கத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த உயரத்துக்கு நடுக்கம்பம் ஒன்று தாங்காது. அடித்தட்டை முதலில் தனியாக அடித்து, இறுகவிட்டு, அதன் மேல் நாலு கால் வைத்த சட்டத்தை நிறுத்தினார்கள். கயிறும் போதவில்லை. இருக்கிற இரண்டு நீளக் கயிறுகளை முடிச்சுப் போட்டால், உரிக்கும்போது முடிச்சு மண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். லிடி இரண்டு முனைகளையும் புரி பிரித்து, ஒவ்வொரு புரியையும் மெலித்து, இழைக்கு இழை கோத்து ஒன்றாக்கினாள். ஏலி அந்தக் கயிற்றைக் கண்ணை மூடிக்கொண்டு கையில் ஓடவிட்டார். இணைத்த இடம் அவருக்குத் தட்டுப்படவில்லை.

ஒன்பதாம் நாள் காலையில் லிடி முகர்ந்து பார்த்து, இப்போது என்றாள். விட்டத்தில் இருந்த கப்பி வழியாகச் சட்டத்தைத் துண்டு துண்டாக மேலே எடுத்தார்கள். பிறகு அவளை இடுப்பில் பட்டை கட்டி உள்ளே இறக்கினார்கள். வேறு யாரையும் இறக்க முடியாது. அடிப்பக்கம் அவ்வளவு குறுகல், விளிம்பில் ஒரு முழங்கை பட்டால் போதும், எல்லாம் போய்விடும். அடித்தட்டில் ஒரு பலகை போட்டு அதன் மேல் நின்றுகொண்டு, தலைக்கு மேலே இருந்த கயிற்று முனையைப் பிடித்து உரிக்க ஆரம்பித்தாள். சுற்று மேல் சுற்றாகக் கயிறு அவள் தோளில் விழுந்தது, இடுப்பில் விழுந்தது, காலடியில் குவிந்தது. கடைசிச் சுற்றும் வந்தபோது, எதுவுமே தாங்காமல் அத்தனை மண்ணும் அவளைச் சுற்றி நின்றது. லிடி இருபத்திரண்டு வருஷமாகக் கயிறு உரித்தவள். ஆனாலும் அன்று கயிற்றின் கடைசி முனையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டத்தின் கால்கள் பதிந்த குழிகளைக் கால்விரலாலேயே தடவி மூடிவிட்டு, இழுங்கள் என்றாள்.

அன்று பட்டறையில் ஒயினும் ஆட்டுப்பால் கட்டியும் ஓடின. ஜெதியோன் தன் ஆயுளில் முதல்முறையாக அவளை லிடி என்று கூப்பிட்டான், மறுநாள் திருத்திக்கொண்டான்.

மூன்றாம் நாள் அப்தியாஸ் பார்க்க வந்தார். தொட்டியைச் சுற்றி மூன்று முறை நடந்தார். ஒரு முக்காலியில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"எல்லாம் சரி முதலாளி. தண்ணி எந்த வழியா போகும்?"

ஏலி மஸேல் மெதுவாக ஒரு விறகுக் கட்டையின் மேல் உட்கார்ந்தார். தோட்டத் தொட்டிக்கு மாலையும் முத்திரையும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அடியில் ஓட்டை இல்லாவிட்டால் வேர் அழுகிச் செத்துப்போகும். நூற்றைம்பது வருஷமாக அந்தப் பட்டறையில் ஒருவனும் பெரிய தொட்டிக்கு ஓட்டை போட்டதில்லை. நடுக்கம்பத்தின் கால் அடித்தட்டைத் துளைத்துக்கொண்டு நிற்கும், உருவினால் ஓட்டை தானாக இருக்கும். இந்த முறை நடுக்கம்பம் இல்லை, ஓட்டையும் இல்லை. கல்யாண சந்தடியில் தாலி கட்ட மறந்தாற்போல் ஆகிவிட்டது.

ஆளுக்கு ஒரு வழி சொன்னார்கள். சாய்த்துப் பிடித்து அடியிலிருந்து போடலாம் என்றால், பச்சை மண் சாயும்போதே கிழியும். சுட்டபின் உளியால் போடலாம் என்றால், அப்படிப் போட்டு ரொட்டிபோல் பிளந்த தொட்டியை ஏலியே பார்த்திருக்கிறார். நீளக் கழியில் கத்தி கட்டி மேலிருந்து குத்தலாம் என்று ஜெதியோன் சொன்னான். ஒரு பழைய தட்டில் பழகிப் பார்த்தபோது ஓட்டை போட வேண்டிய இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் ஓட்டையானது. லிடியை மறுபடி இறக்கலாம். ஆனால் அவள் நிற்கும் இடத்தில்தான் ஓட்டை வர வேண்டும், குனியவும் அங்கே இடமில்லை. குனிந்தால் முதுகு சுவரில் உரசும்.

லிடி தொட்டியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைகீழா விடுங்க," என்றாள்.

"பாவாடையோடயா?" என்றான் ஜெதியோன்.

அவள் வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஜோயேலின் கால்சட்டையைப் போட்டிருந்தாள், கீழே மூன்று மடிப்பு மடித்து. ஜெதியோன் வாயைத் திறந்தான். அது யாருடைய கால்சட்டை என்று புரிந்ததும் மூடிக்கொண்டான். போதகர் அந்த வழியாக வந்துவிடக் கூடாதே என்று எல்லாரும் மனசுக்குள் ஜெபித்தார்கள். ஜெபம் கேட்கப்பட்டது.

கோவேறு கழுதைக்குப் போடும் தோல்பட்டையைக் கணுக்காலிலும் இடுப்பிலும் கட்டினார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்யும் யாரோ ஒருவரின் விளக்கை இரவல் வாங்கி, தனிக் கயிற்றில் அவளோடு இறக்கினார்கள். கையில் கஷ்கொட்டை உரிக்கிற வளைகத்தி. தலையில் ரத்தம் இறங்கிவிடும், அதனால் அப்தியாஸ் ஒரு வேதாகமச் சங்கீதத்தில் இரண்டு சரணம் பாடி முடிப்பதற்குள் மேலே தூக்கிவிட வேண்டும் என்று ஏற்பாடு. கோயிலில் அவர் இழுத்து இழுத்துப் பாடுவதை எல்லாரும் திட்டுவார்கள். இன்று சீக்கிரம் முடிக்காதே என்று ஏலி அவரைக் கெஞ்சினார்.

முதல் இறக்கத்தில் லிடி வட்டம் கீறினாள். இரண்டாவது இறக்கத்தில் பாதி ஆழம் வெட்டினாள். அப்போதுதான், கத்தியை மாற்றிப் பிடிக்கிற நேரத்தில், தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள்.

முதல்முறை உள்ளே நின்றபோது அவள் கயிற்றைத்தான் பார்த்தாள், சுவரைப் பார்க்கவில்லை. இப்போது விளக்கு வெளிச்சத்தில் அவள் சுற்றிய கயிற்றின் தடம் முழுக்கத் தெரிந்தது. வளையம் வளையமாக, அடியிலிருந்து வாய்வரை, ஒரு இடத்திலும் இடைவெளி இல்லாமல். ஒவ்வொரு வளையத்திலும் புரியின் முறுக்குக்கூடப் பதிந்திருந்தது. இணைத்த இடத்தைத் தேடினாள். அவளுக்கே கிடைக்கவில்லை. வெளியே மாலையும் முத்திரையும் உலகத்துக்கு. இது மண்ணைக் கொட்டி மூடப்போவது. இருபத்திரண்டு வருஷமாகத் தான் இவ்வளவு அழகான ஒன்றைச் செய்துகொண்டிருந்தது அவளுக்கே தெரியாது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அழுதால் கண்ணீர் நெற்றி வழியாக முடிக்குள் போகும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. மேலே அப்தியாஸின் இரண்டாவது சரணம் முடிந்துவிட்டது.

மூன்றாவது இறக்கத்தில் வட்டம் விட்டது. மண்வில்லையைக் கத்தி முனையால் நெம்பி எடுத்த அதே நொடியில், கணுக்கால் பட்டை ஒரு சாண் நழுவியது. லிடி கீழே போனாள். சுவரைத் தொடவில்லை. தொட்டது இடது கை மட்டும். ஓட்டைக்குப் பக்கத்தில் அடித்தட்டில் உள்ளங்கை அழுந்தி, அவளுடைய முழுக் கனமும் அதன் மேல் நின்றது. மண் இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது.

பாட்டு நின்றுவிட்டது. என்ன ஆச்சு என்று மேலிருந்து மூன்று பேரும் கேட்டார்கள்.

"ஒன்னுமில்ல," என்றாள் லிடி. "இழுங்க."

கையை எடுத்தாள். ஐந்து விரலும் உள்ளங்கையும், வளைந்த சுண்டுவிரல் உட்பட, கால் அங்குல ஆழத்துக்கு இறங்கியிருந்தன. அந்தப் பதத்து மண்ணில் புது மண் ஒட்டாது, நிரப்ப முடியாது. அடி மெலிந்த தொட்டி சூளையில் விரிசல் விடும். அப்படி மெலிந்ததைக் கண்டால் உடைத்துத் திரும்பக் குழியில் போடுவது ஏலி மஸேலின் சட்டம், தன் அப்பா செய்த தொட்டியைக்கூட அவர் விட்டதில்லை. சொன்னால் உடைப்பார். உடைத்தால் இன்னொன்றுக்கு நாள் இல்லை. மேலே வருகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் லிடி முடிவு செய்துவிட்டாள். வலது கையில் இருந்த மண்வில்லையைத் தூக்கிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள், ஏலி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது கையை ஜோயேலின் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஆறு வாரம் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொட்டிக்கு ஈரத்துணி போர்த்துவதும் அவள், துணியை நகர்த்தி நகர்த்தி ஒரே சீராகக் காயவைப்பதும் அவள். காலையில் வந்ததும் அடிப்பக்கத்தில் காதை வைத்துக் கேட்பாள். பிள்ளையைத் தூங்க வைக்கிறாயா என்று ஜெதியோன் கேட்டான். கஷ்கொட்டைக் கஞ்சியை வைத்துக்கொண்டு கண்ணாடிக் கூண்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மறைத்தது பாவமா இல்லையா என்று யாரைக் கேட்பது? பாவமன்னிப்புக் கேட்க அவர்கள் சபையில் பெட்டியும் கிடையாது, சாமியாரும் கிடையாது. கத்தோலிக்கருக்கு இந்த ஒரு வசதி இருக்கிறது என்று வாழ்க்கையில் முதல்முறையாகப் பொறாமைப்பட்டாள்.

மே மாதம் மூன்று நாள் சூளை எரிந்தது. ஜெதியோன் வாயை மூடிக்கொண்டு விறகு தள்ளியது அந்த மூன்று நாளும்தான். ஒரு வாரம் ஆறவிட்டு, வாசல் செங்கல்லைப் பிரித்தார்கள். உள்ளே தொட்டி நின்றது, தேனும் பச்சையும் வழிந்து. மெருகு அழகாக இருந்ததை லிடி பார்க்கவில்லை. ஏலியின் கையைத்தான் பார்த்தாள். அவர் விரல் முட்டியால் தட்டுவார். விரிசல் இருந்தால் பலகையைத் தட்டினாற்போல் செத்த சத்தம் வரும்.

வயிற்றில் தட்டினார். பிறகு மண்டியிட்டு, பீடத்தை ஒட்டி, அடிப்பக்கத்தில் தட்டினார்.

கணீரென்றது. அந்தச் சத்தம் சூளைச் சுவர்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்து, வெளியே முற்றத்துக்குப் போய், அப்புறம்தான் அடங்கியது. லிடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஆலிவ் கொட்டைக்கு மயக்கம் என்று ஜெதியோன் கத்தினான். தண்ணீர் கொண்டு வந்தவனும் அவன்தான்.

பழைய தொட்டியின் ஒரு ஓட்டுச் சில்லைப் புது ஓட்டையின் மேல் கவிழ்த்து வைத்து, அப்தியாஸ் மண் கொட்டி மரத்தை நட்டார். அந்த வருஷம் மரம் மொட்டையாகவே நின்றது. செத்ததை நட்டுவிட்டார்கள் என்று ஊரில் பேசினார்கள். அடுத்த வருஷம் ஏப்ரலில் நாலு இலை வந்தது, மே மாதம் ஒரே ஒரு கிளையில் பூ வந்தது. அந்த வருஷம் ஊரில் மூன்று கல்யாணம். அப்தியாஸ் அந்த ஒரு கிளையைத் தராசில் நிறுப்பதுபோல மூன்றாகப் பங்கு வைத்தார். கத்தோலிக்கப் பெண்ணுக்கும் சமபங்கு போனது என்று ஊர் சாட்சி சொன்னது.

பதினெட்டு வருஷம் போனது. கயிற்றுத் தொட்டிகள் எத்தனையோ வந்து போயின. லிடி அறுபது வயதில் வேலையை விட்டாள், ஜெதியோன் சாகும்போதும் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. உள்ளங்கைத் தடத்தைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலாளியை வழியில் பார்க்கும்போதெல்லாம் சொல்ல நினைப்பாள், வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுவாள்.

எழுபத்துநாலாம் வருஷம் மார்ச் மாதம் மரத்துக்கு மண் மாற்ற வேண்டிவந்தது. தொட்டிக்குள் வேர் நிறைந்து, ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்க ஆரம்பித்திருந்தது. ஓய்வு பெற்றும் தோட்டத்தை விடாத அப்தியாஸ் லிடிக்கு ஆள் அனுப்பினார், ஏலி மஸேலுக்கும் அனுப்பினார். ஏலிக்கு எழுபத்தெட்டு வயது, இரண்டு கைத்தடி. லிடிக்குப் போக மனமில்லை, ஆனாலும் போனாள்.

வாய் விளிம்பில் ஒட்டியிருந்ததை மட்டும் கத்தி முனையால் சுற்றிலும் விடுவித்து, மூன்று கால் நட்டுத் தொங்கவிட்ட கப்பியில் மரத்தைக் கட்டி, நாலு பேர் இழுத்தார்கள். வேர் முதலில் அசைய மறுத்தது. பிறகு ஒரு விரற்கடை, ஒரு சாண் என்று மேலே வந்தது. தொட்டியின் வடிவம் அப்படியே வேரில் எழுந்து வர வர, இழுத்தவர்களின் கை மெதுவாகிக்கொண்டே போனது.

கயிற்றின் தடத்துக்குள் வேர் ஓடியிருந்தது. பதினெட்டு வருஷமும் வளையம் வளையமாக, அடியிலிருந்து வாய்வரை, அவள் சுற்றிய ஒவ்வொரு சுற்றையும் மரம் மறுபடி சுற்றியிருந்தது. சில இடங்களில் மெல்லிய வேர்கள் புரியின் முறுக்கைக்கூடப் பிடித்திருந்தன. அத்தனை பெரிய வேர்க்கட்டியைக் கயிறு சுற்றிக் கட்டித் தூக்கினாற்போல் இருந்தது. லிடி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அடிவேரை வெட்டுவதற்காக மரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நிறுத்தினார்கள். குனிந்து கீழே பார்த்த ஆள் ஒருவன் அப்தியாஸைக் கூப்பிட்டான். ஏதோ குழந்தையின் கை மாதிரி இருக்கிறதே என்றான். அப்தியாஸ் குனிந்தார், ஏலி கைத்தடியை ஊன்றி மண்டியிட்டார். லிடி மட்டும் குனியவில்லை. நிமிர்ந்தபடியே மரத்தின் கீழே நடந்து போனாள்.

ஓட்டைக்கு நேரே, பழைய ஓட்டுச் சில்லையும் விழுங்கி, வேர் வட்டமாகப் புடைத்திருந்தது. அதற்குப் பக்கத்தில், வெள்ளை வேர்களால் நெய்தது போல, ஒரு கை. ஐந்து விரல், உள்ளங்கை மேடு, எல்லாம் இருந்தன. சுண்டுவிரல் உள்பக்கமாக வளைந்திருந்தது.

ஏலி மஸேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லிடியின் இடது கையைப் பார்த்தார்.

"பட்டை நழுவிச்சே, அன்னைக்கா?"

"ஆமா முதலாளி."

"பதினெட்டு வருஷமா சொல்லலையே நீ."

"சொல்லியிருந்தா உடைச்சிருப்பீங்க."

கிழவர் மறுபடி அந்த வேர்க்கையைப் பார்த்தார். "உடைச்சிருப்பேன்," என்றார். "சத்தியமா உடைச்சிருப்பேன், லிடி."

சுட்டால் மண் சுருங்கும், பத்தில் ஒரு பங்கு குறையும். அதனால் அந்தக் கை அவளுடையதைவிடச் சிறிதாக இருந்தது. பட்டு ஆலைக்கு முதல்நாள் போனபோது தன் கை இவ்வளவுதான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதன் எதிரே தன் வலது கையை உயர்த்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, கை கூப்புவதுபோல வைத்தாள். வேர் ஈரமாக, குளிர்ந்து இருந்தது.

கயிறு பிடித்திருந்த நாலு பேரில் ஒருவன், கை கடுக்கிறது, இறக்கலாமா என்று கேட்டான். ஏலி மஸேல்தான் தலையை நிமிர்த்தாமல் சொன்னார், "இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்குங்கப்பா." அவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.